படத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிகள்

திருவிடந்தைப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் என் மகள் கழுத்தில் மாலையோடு சுற்றி வந்துகொண்டிருந்தாள். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் போட்டுக்கொண்டு சுற்றச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் தூணோரம் நின்று, "பெருமாளே, நல்ல இடமா அமையட்டும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பைக்குள் இருந்த போன் அதிர்ந்தது.

"செங்கல்பட்டு ஸ்கேன் சென்டர்லேர்ந்து பேசுறோம்மா. நீங்க எடுத்துட்டுப் போன படத்தப் பாத்த டாக்டர், இன்னொரு தடவ எடுக்கணும்னு சொல்றாங்க. எப்ப வர்றீங்க?"

"எதுக்கும்மா இன்னொரு தடவ?"

"டாக்டரே சொல்லுவாங்கம்மா. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். தூணில் சாய்ந்துகொண்டேன். சந்நிதியில் மணி அடித்தது. கும்பிடக் கை வரவில்லை.

மகள் சுற்றி முடித்துவிட்டு வந்தாள். "என்னம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? மால எனக்கு நல்லா இல்லியா?"

"நல்லாத்தான்டி இருக்கு. வெயிலு."

"நெழல்ல நின்னுகிட்டு வெயிலாம்" என்று சிரித்துவிட்டு, தன்னைத் தானே போட்டோ பிடித்துக்கொள்ளப் போய்விட்டாள்.

அந்தப் படம் எடுக்க நான் போனதே அவளால்தான். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பெனி மூலமாக உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளலாம். சர்க்கரை, கொதிப்பு எல்லாம் பார்ப்பார்கள். பெண்களுக்கு மார்பையும் படம் எடுப்பார்கள். மேமோகிராம் என்று பெயர். இரண்டு தகட்டுக்கு நடுவில் மாரை வைத்து அமுக்கி எடுப்பது. கையால் தடவிப் பார்த்தால் அகப்படாத கோளாறுகூட அதில் தெரிந்துவிடும் என்று மகள் விளக்கினாள்.

"பெரியம்மாவுக்கு வந்துதுல்லம்மா? நீ கண்டிப்பா பாத்துக்கணும். நான் புக் பண்ணிட்டேன், சாக்குச் சொல்லாத."

அவளுடைய பெரியம்மா என்றால் என் கூடப் பிறந்த அக்கா. மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பற்றிச் சொல்லாமல் என் பயத்தைச் சொல்ல முடியாது.

அக்கா மகளின் கல்யாணத்தன்று அக்கா தலை கொள்ளாமல் மல்லிகை வைத்திருந்தாள். பின்னல் முழுக்கப் பூ. போதாததற்குத் தோள்மேல் போட்டு முன்பக்கமும் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தாள். "பொண்ணு நீயா, உன் பொண்ணாடி?" என்று சொந்தக்காரப் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். மறுவீட்டு விருந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. மாரில் கட்டி வந்து, உடைந்து, புண்ணாகி இருந்தது. துணியை மடித்து உள்ளே வைத்துக்கட்டியிருந்தாள். அந்த வாடை வெளியே வராமல் இருக்கத்தான் அத்தனை பூ. ஆஸ்பத்திரியில், "ஏம்மா இத்தன நாள் வரல?" என்று டாக்டர் கேட்டதற்கு, "புள்ள கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். மகளின் வளைகாப்பைப் பார்க்க அவள் இல்லை.

அதிலிருந்து எனக்கு உடம்பில் எங்கே லேசாகக் குத்தினாலும் அதுதானோ என்று தோன்றும். குளிக்கும்போது அந்த இடத்தில் கை பட்டால் சட்டென்று எடுத்துவிடுவேன். தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்குத் தடவிப் பார்க்கத்தான் பயம். படம் எடுக்கப் போவதற்குச் சில நாள் முன்பிருந்தே இடதுபக்க மாரில் ஒரு வலி. கட்டி கிட்டி இல்லை, வெறும் வலி. மகளிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். திருவிடந்தையில் ரோட்டோரம் இளநீர்க் கடை போட்டிருக்கிறார். கிருத்திகை தவறாமல் திருப்போரூர் முருகனைப் பார்த்துவிட்டு வருகிறவர்.

அந்தக் கிருத்திகைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சந்நிதியில் விபூதி வாங்கி, விளக்கு எண்ணெயும் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தார். "இன்னாமே, இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு? எண்ணெயில விபூதியக் கொழச்சு நல்லாத் தேச்சுக்கோ. எந்த நோவும் நிக்காது. எங்க மாமியாருக்கு முழங்காலு நோவு இத்தாலதான் போச்சு."

அவர் சொன்னபடியே காலையிலும் சாயங்காலமும் தேய்த்துக்கொண்டேன். படம் எடுக்கிற அன்றைக்குப் பயம் அதிகம். அதனால் எண்ணெயும் அதிகம். குளித்து முடித்து, முருகன் படத்துக்கு முன் நின்று, இரண்டு பக்க மாரிலும், மாருக்கு அடியில், அக்குளில் என்று ஓரிடம் விடாமல் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். ஊரப்பாக்கத்தில் ரயிலேறிச் செங்கல்பட்டு போவதற்குள் எண்ணெயும் வேர்வையும் உடம்போடு ஊறிப்போயிருந்தன.

படம் எடுக்கிற அறையில் வெளிச்சம் மட்டு. சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். வெளியே நிறையப் பேர் காத்திருந்ததால் அவசரத்தில் இருந்தாள். "பவுடர், சென்ட்டு, ஏதாச்சும் போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் போடுற பழக்கமே கெடையாதும்மா" என்றேன்.

தகடு இறங்கி அமுக்கியது. மூச்சை அடக்கச் சொன்னாள். அடக்கினேன். வலித்ததுதான், ஆனால் பொறுத்துக்கொள்கிற வலி. அவ்வளவுதான் என்று வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு வந்ததுதான் கோயிலில் வந்த அந்தப் போன்.

கோயிலிலிருந்து நேராக அண்ணி வீட்டுக்குத்தான் போனோம். மகள் கடற்கரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனதும், அண்ணியிடமும், அங்கே எங்களுக்காகக் காத்திருந்த என் வீட்டுக்காரரிடமும் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிறுசேரிக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறார். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனுஷன். அன்றைக்கு வேன் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அண்ணிதான் பேசினார். "இன்னாமே சொல்ற? மாப்ள வூட்டுக்காரங்க அடுத்த ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வந்துகினு கீறாங்க. ஜாதகம் அம்சமா பொருந்தியிருக்குன்னு அந்தம்மாவே எங்கிட்ட சொல்லிச்சு. இப்பப் போயி ஆஸ்பத்திரி, அது இதுன்னு நின்னா? தாயிக்குக் கீதுன்னா பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க. பேஜாராப் போயிடும். ஒரு தட்ட மாத்திட்டு அப்பறமாப் போ. அதுவரிக்கும் முருகன் பாத்துக்குவாரு."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. பெற்ற மகளுக்காகத் தள்ளிப்போடுகிறேன் என்றால் யார் குறை சொல்வார்கள்? அந்த அறைக்குள் மறுபடி போகவேண்டாம், அந்தத் தகட்டுக்குக் கீழே நிற்கவேண்டாம், டாக்டர் முகத்தைப் பார்க்கவேண்டாம்.

"சரி அண்ணி" என்று சொல்ல வாயெடுத்தேன்.

சாவி சுற்றுவது நின்றது. "உங்கக்காவும் கல்யாணம் முடியட்டும்னுதான் இருந்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணி எழுந்துபோய் எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் தடவை என் வீட்டுக்காரரும் வேனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். ரயிலில் கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஸ்டேஷன் வர வர, அடுத்ததில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றே இருந்தது. அன்றைக்குக் காலையில் விபூதியும் எண்ணெயும் முன்னைவிடத் தாராளமாகத் தேய்த்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது முந்தானைக்குள் கையை விட்டு, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து இன்னும் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டேன்.

இந்தத் தடவை படம் எடுக்க வயதில் பெரிய அம்மா ஒருவர் இருந்தார். என்னைத் தகட்டருகே நிறுத்தி மாரைத் தூக்கி வைத்தவர், கையை எடுத்து விரலைத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பெரிய விளக்கைப் போட்டார்.

"என்னம்மா பூசியிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லையேம்மா."

"ஒண்ணும் இல்லாமயா வழவழன்னு இருக்கு? கோயில் விளக்கு வாசன வேற வருது."

"ஓ, அதுவா? அது விபூதிம்மா. திருப்போரூர் முருகன் விபூதி. விளக்கு எண்ணெயில கொழச்சது."

அவர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பஞ்சு சாம்பலாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் அப்படியே. "போன தடவையும் பூசியிருந்தீங்களா?"

"இன்னிக்கு அளவுக்கு இல்லம்மா."

"பவுடர் போட்டிருக்கீங்களான்னு எங்க பொண்ணு கேட்டிருக்குமே?"

"கேட்டுதும்மா. நான் பவுடரே போடுறதில்ல. விபூதியப் போயி யாராவது பவுடர்ம்பாங்களா?"

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "சாமி பிரசாதம்தான், நான் இல்லங்கல. ஆனா படம் எடுக்குற மிஷினுக்கு அது தெரியாது பாருங்க. விபூதி சாம்பல்தானே? தோல் மடிப்புல ஒட்டிக்கிட்டா, உள்ள சுண்ணாம்புப் புள்ளி இருக்குற மாதிரியே வெள்ளையா விழும். அந்தப் புள்ளியப் பாத்துத்தான் டாக்டர் உங்கள மறுபடி கூப்புட்டாங்க. இனிமே நெத்தியோட நிறுத்திக்குங்க. முருகன் கோச்சுக்க மாட்டாரு."

சோப்பு கொடுத்து என்னைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கழுவினேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி படம் எடுத்து முடித்து, வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் ஓடிப்போய், "ஏங்க, எல்லாம் விபூதியாம்!" என்றேன்.

விவரம் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஏம்மே, மூணு பட்ட போடச் சொன்னா, சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிச்சுகினு வந்தியா?" என்றார். உடனே அண்ணிக்குப் போன் போட்டார். அண்ணி கத்தியது எனக்கே கேட்டது. "நான் சொல்லல? நான் அப்பவே சொல்லல? ஆத்தா, முருகா! நல்லா ஊட்டாண்ட போயி சூடத்தக் கொளுத்துங்க!" என் வீட்டுக்காரர் வடையும் டீயும் வாங்கி வந்தார். நான் பசியோடு தின்றேன். இத்தனை நாளில் ருசி தெரிந்து தின்றது அந்த வடையைத்தான்.

பாதி தின்றுகொண்டிருக்கும்போதே டாக்டர் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

டாக்டரும் ஒரு பெண்தான். அவர் சிரிக்கவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கம்ப்யூட்டரில் வைத்துக் காட்டினார். "இது போன தடவ எடுத்தது, இது இன்னிக்கு எடுத்தது. இங்க, இங்க, அக்குள் பக்கத்துல, இருந்த புள்ளியெல்லாம் போயிடுச்சு பாருங்க. அதெல்லாம் மேல பூசினது."

"ஆமாங்கம்மா" என்றேன்.

"இது போகல."

பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டார். கறுப்புத் தரையில் உப்பைக் கொஞ்சமாகச் சிந்தியதுபோல, சேர்ந்தாற்போல் சில புள்ளிகள். வலதுபக்கம். எனக்கு வலி இருந்தது இடதுபக்கம்.

"இது உள்ள இருக்கும்மா. போன தடவ மேல இருந்த கூட்டத்துக்கு நடுவுல இது தனியாத் தெரியல. ஊசி வச்சுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும்."

"எனக்கு இடது பக்கம்தான் வலி, அந்தப் பக்கம் வலியே இல்லைங்களே."

"இது பெரும்பாலும் வலிக்காதும்மா. இடது பக்க வலிக்கு வேற காரணம் இருக்கலாம்."

வலிக்காது. அக்காவைப் பார்த்ததிலிருந்து, வலி வந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நான் மனசுக்குள் வைத்திருந்தேன். சத்தம் போடாமல் ஒரு பாம்பு வீட்டுக்குள் வந்து பரணில் படுத்திருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. என் வீட்டுக்காரர் கையில் வடைப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஊசி வைத்தது வேறொரு நாள். மரத்துப்போக மருந்து போட்டு, மறுபடி தகட்டில் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோனார்கள். அசையக்கூடாது என்றார்கள். நான் 'சரவணபவ' சொல்லிக்கொண்டே இருந்தேன். "சாமி பேரச் சொல்லுங்கம்மா, ஆனா மனசுக்குள்ள. நீங்க சத்தமாச் சொல்லச் சொல்ல நெஞ்சு ஏறி எறங்குது" என்றாள் நர்ஸ். மனசுக்குள் சொன்னால் பயம் பெரிதாகக் கேட்டது.

முடிவு வருவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அண்ணி காலையிலேயே வந்து, "நாஸ்தாவ எடுத்துக் குடுத்துட்டு ஓரமா நில்லு, மூஞ்சியில எதையும் காட்டாத" என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார். கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தேன். மகளிடம் நாங்கள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. பையன் அடக்கமான பையன். அவனுடைய அம்மாவும் நல்லமாதிரி. கிளம்பும்போது, "எங்க வீட்டுப் பொண்ணா வச்சுப் பாத்துக்குவோம்" என்று என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். ஊசி வைத்த பக்கம் நசுங்கியது. உயிர் போய்த் திரும்பியது. சிரித்துக்கொண்டே கை கூப்பினேன்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் மகள் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அவங்க கட்டிப்புடிச்சப்ப ஏம்மா மூஞ்ச அப்படிச் சுளிச்ச?"

"ஒண்ணுமில்லடி."

என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ரவிக்கை ஓரம் பிளாஸ்திரி தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் வந்த போனிலிருந்து சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "நான்தானேம்மா புக் பண்ணேன்? எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவ? நான் மாலையப் போட்டுக்கிட்டு இளிச்சிக்கினு போட்டோ எடுத்துட்டு இருந்திருக்கேன், நீ அங்க நடுங்கிட்டு நின்னுருக்க!"

அண்ணி உள்ளே வந்தார். "மெதுவாப் பேசுடி. உன் நல்லதுக்குத்தான்."

"அத்த, நீங்க சும்மா இருங்க. பெரியம்மாவும் அவங்க பொண்ணு நல்லதுக்குன்னுதான் பூவ வச்சு மறச்சாங்க. அந்தக்கா இன்னிக்கும் தல நெறையப் பூ வைக்கறதில்ல, தெரியுமா உங்களுக்கு?"

எனக்கே அது தெரியாது. அக்கா மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு முழம்கூட இல்லாமல் கிள்ளு பூவோடு இருப்பாள். நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

முடிவு கேட்க மகளும் சேர்ந்து நாங்கள் மூன்று பேருமாகப் போனோம். புற்றுதான். ஆனால் பால் வருகிற குழாய்க்குள்ளேயே இருக்கிறது, குழாயைத் தாண்டி வெளியே வந்ததாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். "இந்த நெலையிலயே பாத்துட்டோம், அது நல்லதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். 'புற்று' என்ற சொல்லுக்குப் பிறகு சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மகள்தான் கேள்வி கேட்டாள். மார் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கதிர் சிகிச்சை கொடுக்கலாம் என்றார்கள்.

இந்தச் செய்தியைப் பையனிடம் மகளே போனில் சொல்லிவிட்டாள். அவன் நல்லவிதமாகத்தான் பேசினானாம். ஆனால் சில நாள் கழித்து அவன் அம்மா அண்ணியைக் கூப்பிட்டு, ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், பொருத்தம் இல்லையாம் என்று சொல்லிவிட்டார். "அம்சமாப் பொருந்திச்சுன்னு சொன்ன வாயிதானே அது!" என்று அண்ணி கொதித்தார். மகள், "விடுங்க அத்த, எங்கம்மா உடம்புல புள்ளி வந்தா என் ஜாதகத்துல கட்டம் நகருது போல" என்றாள். சிரித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு உண்மையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை அவளும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கதிர் சிகிச்சைக்குத் தினம் போய்வந்தேன். அதில் வலி ஒன்றும் இல்லை. படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய் அந்தக் கனத்த கதவை மூடுவார்கள், அதுதான் பயம். அத்தனை பெரிய மிஷினும் நானும் மட்டும். காத்திருக்கும் இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். தலைமுடி கொட்டியவர்கள், கொட்டாதவர்கள், புடவைத் தலைப்பைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டவர்கள். ஒருத்தி வீட்டுப் பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாதென்று, தையல் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுத் தினமும் வந்தாள். "இன்னும் ஒரு ஜாக்கெட்டாவது தெச்சுக் காட்டலன்னா மாட்டிக்குவேன்" என்பாள். எல்லோரும் சிரிப்போம். பெயர் கூப்பிட்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

மருத்துவம் முடிகிற சமயத்தில் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். "உங்க அக்காவுக்கும் வந்திருக்கு, உங்களுக்கும் வந்திருக்கு. சில குடும்பங்கள்ல இது ரத்தத்துலயே தொடர்ந்து வரும். எல்லாக் குடும்பத்துலயும் இல்ல. உங்க ரத்தத்த ஒரு சோதனை பண்ணிப் பார்த்தா தெரியும். அதுல இல்லன்னா கொஞ்சம் நிம்மதி. இருந்துதுன்னா, மகளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், அவங்க விரும்பினா அவங்களுக்கும் பார்த்துக்கலாம். எப்படியானாலும் அவங்க உங்க வயசு வரைக்கும் காத்திருக்கக் கூடாது, முன்னாடியே பரிசோதனைய ஆரம்பிச்சுடணும்."

என்னைத் தகட்டில் வைத்து அமுக்கியபோதும், ஊசி வைத்தபோதும், கத்தி வைத்தபோதும் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. என் உடம்பில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். எடுக்க முடியாத ஒன்றை நான் என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேனோ?

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். தெரியாமல் இருந்தால் அவளாவது நிம்மதியாக இருப்பாள். சாப்பாடு போடும்போது மகள் கேட்டாள், டாக்டர் என்ன சொன்னார் என்று. சும்மா வரச் சொன்னார் என்று சொல்ல நாக்குவரை வந்தது. அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். சொல்லிவிட்டேன்.

அவள் சோற்றில் குழி பண்ணினாள். பிறகு, "ரசம் ஊத்து" என்றாள். ஊற்றினேன். "என்னிக்குப் போறோம்?" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லியாடி?"

"இருக்கு. அதுக்காக? நீ கொடுக்கப்போற ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியணும்."

ரத்தம் எடுத்த அன்று அவளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். வெளியே எங்கள் எதிரில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே என் கையில் ரப்பரைக் கட்டினார்கள். ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே 'முருகா' என்றேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

இத்தனை வருஷமாகக் கும்பிடுகிறேன். எதுவானாலும் இனிமேல் நடக்கப்போவதற்குத்தான் வேண்டியிருக்கிறேன். பரீட்சைக்கு, வேலைக்கு, வரனுக்கு. இது அப்படி இல்லை. அவளுக்கு வந்திருந்தால், அவள் என் வயிற்றில் வந்த அன்றைக்கே வந்திருக்கும். வராவிட்டால் அன்றைக்கே வரவில்லை. முடிந்துபோன காரியத்துக்கு எந்த முகத்தோடு சாமியிடம் போய்க் கேட்பது? குழாயில் இருக்கிற ரத்தத்தை அவர் மாற்றிக்கொடுப்பாரா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஏங்க, நடந்து முடிஞ்சதுக்கு வேண்டிக்கலாமா?"

குழாயை மூடினார். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "நல்லா வேண்டிக்கோமே" என்றார். "நமக்குத்தான் முன்ன பின்ன. அவருக்கு இன்னா முன்ன, இன்னா பின்ன?" சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரைத் திறந்தார். கழுவின பக்கத்தையே கழுவினார்.

அவர் சொன்னது சரியா தப்பா என்று படித்தவர்கள்தான் சொல்லவேண்டும். நான் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் எழுந்தால் அதுதான், அடுப்பு மூட்டினால் அதுதான், திரி போட்டால் அதுதான். என் ரத்தத்தில் அது இருக்கக்கூடாது என்று வேண்டுகிறேன். இருந்தால் அவளைத் தொட்டிருக்கக்கூடாது என்று வேண்டுகிறேன். தொட்டிருந்தாலும் வருஷா வருஷம் அந்தத் தகட்டுக்கு முன்னால் போய் நிற்கிற தைரியம் அவளுக்குக் குறையக்கூடாது என்று வேண்டுகிறேன். மூன்றாவதைக் கேட்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் நேராக வருகிறது. அது ஒன்றுதான் இனிமேல் நடக்கப்போவது.